பொம்மை செய்கிறவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணிப் பொம்மை செய்து விற்பது என் பிழைப்பு. கொலுக் காலத்தில் கடை விரித்தால், பொம்மையின் விலையைக் கேட்பவர்களைவிட "பழைய கல்லறைகளைச் சுற்றிப் பார்ப்பீர்களாமே?" என்று கேட்பவர்கள் அதிகம். அடுத்த கேள்வி பெரும்பாலும் சாயத்தைப் பற்றியதாக இருக்கும். ஒவ்வொருவரிடமும் நின்று பேச ஆசைதான். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். எனவே இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் செய்வது எந்த வகைப் பொம்மை?

களிமண்ணும் இல்லை, காகிதக்கூழும் இல்லை, முழுக்கத் துணி. நெருக்கமாக நெய்த காடாத் துணியில் உடல், உள்ளே இலவம்பஞ்சு, முகம் ஊசி நூலால். உயரம் ஏறக்குறைய ஒரு முழம். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரிப் பொம்மைகளின் பக்கத்தில் வைத்தால் என்னுடையவை சற்று ஏழைகளாகத் தெரியும். பளபளப்பு கிடையாது, தங்கப் பூச்சு கிடையாது. சாமி பொம்மைகளும் கிடையாது. தறியில் அமர்ந்திருப்பவர், ஆற்றங்கரையில் துணி வெளுப்பவர், முழங்கை வரை நீலமேறிய சாயக்காரர், தலையில் துணிமூட்டை சுமப்பவர் என்று உழைப்பாளிகள்தான். ஏன் இவர்களை மட்டும் செய்கிறேன் என்பதற்கான பதில் கல்லறைகளோடு சேர்ந்து கீழே வருகிறது.

கல்லறைகளுக்கும் பொம்மைக்கும் என்ன சம்பந்தம்?

சோழமண்டலக் கரையில் இருக்கும் பழைய ஐரோப்பியக் கல்லறைகளில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோரை இந்தக் கரைக்கு இழுத்து வந்தது துணி. மிளகு வாங்க மலபாருக்குப் போனார்கள். இங்கே வந்தது பருத்தித் துணிக்காக. இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் ஜாவாவிலும் மொலுக்காத் தீவுகளிலும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கப் போன டச்சுக்காரர்களுக்கு, அங்கே வெள்ளிப் பணத்தைவிடச் சோழமண்டலத்துத் துணிக்கு மதிப்பு அதிகம் என்று தெரிந்தது. பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்த காரணம் அதுதான். ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே 1639இல் சென்னைக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கும், இந்தப் பக்கத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் என்பது முக்கியமான காரணம். தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்கள் 1620இல் வந்தார்கள். அவர்களின் கப்பல்களும் துணி ஏற்றின.

கல்லறைக் கல்லைக் குனிந்து படித்தால் இது தெரியும். டச்சுக் கற்களில் "ஒப்பர்கோப்மன்" என்ற சொல் வரும். தலைமை வணிகர் என்பது அந்தப் பதவி. அவருக்குக் கீழே கோப்மன், அதற்கும் கீழே ஒண்டர்கோப்மன். அவர் மனைவி, அவர் குழந்தை, பிறந்த ஊர், இறந்த தேதி, குடும்பச் சின்னம் என எல்லாம் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். சரி, அவர் வாங்கிய துணியை நெய்தவர் எங்கே புதைக்கப்பட்டார்? அதற்குச் சிவப்பு ஏற்றியவர்? கஞ்சி போட்டு அடித்து மடித்தவர்? அவர்களுக்குக் கல் இல்லை. பழவேற்காட்டிலிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கும் இல்லை.

வாங்கியவர் பெயர் கல்லில் இருக்கிறது, செய்தவர் பெயர் எங்கும் இல்லை. இந்த எரிச்சல்தான் என்னைப் பொம்மை பக்கம் திரும்பத் திரும்பத் தள்ளுகிறது. துணிக்குச் சாயம் போடக் கற்றுக்கொண்டதும் இதனால்தான். அவர்கள் விட்டுப்போனது கைப்பக்குவம் ஒன்றுதான்; அதையாவது தொட்டுப் பார்க்கலாம்.

பயமாக இருக்காதா?

பாம்புக்குப் பயம் உண்டு. அதனால் முழுச் செருப்பு அணிகிறேன், மழைக்காலத்தில் புல் வளர்ந்த இடங்களைத் தவிர்க்கிறேன். மற்றபடி முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த வணிகர் என்னிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை.

பொம்மை, கல்லறை, எலுமிச்சை என்று எல்லாம் சேர்ந்தால் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறதே?

எலுமிச்சை சாயப் பாத்திரத்துக்கு. கொஞ்சம் பிழிந்தால் சில நிறங்கள் வெளிறித் தெளியும். பில்லி சூனியம் வைக்கும் அளவுக்கு எனக்கு எதிரிகளும் இல்லை, நேரமும் இல்லை. பொம்மையில் ஊசி குத்துகிறேன் என்பது மட்டும் உண்மை. தைக்க வேறு வழி இல்லை.

சென்னையில் இருப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்திலிருந்து தொடங்குங்கள். தேவாலயம் 1680இல் அர்ச்சிக்கப்பட்டது; அதன் முற்றத்தில் பதித்திருக்கும் கற்களில் சில அதைவிடப் பழையவை. எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல் 1652ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோட்டையின் கவர்னராக இருந்த ஏரன் பேக்கரின் மனைவி அவர். தேவாலயத்தைவிடக் கல் எப்படிப் பழையதாக இருக்க முடியும் என்று கேட்பீர்கள். அந்தக் கற்கள் அங்கே பிறந்தவை அல்ல. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இன்றைய உயர் நீதிமன்றத்தை ஒட்டி, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758-59இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான கல்லறைகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் கட்டடங்களை இடித்துக் கற்களை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். ஆட்கள் அங்கே, பெயர்கள் இங்கே. கோட்டையின் இன்னொரு கவர்னரான எலிஹு யேலின் சிறுவயது மகன் டேவிட் அடக்கம் செய்யப்பட்ட ஸ்தூபி மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் அரண்மனைக்காரத் தெருவில் அர்மீனியன் தேவாலயம். 1712இல் முதலில் கட்டி, 1772இல் மறுபடி எழுப்பியது. முற்றத்துத் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். கால் வைக்காமல் நடப்பது சிரமம். அர்மீனிய எழுத்து நமக்குப் படிக்க வராது, ஆனாலும் பாருங்கள். எழுத்துகளின் வளைவு பூத்தையலுக்கு அப்படிப் பொருந்தும். உலகின் முதல் அர்மீனிய இதழான அஸ்தராரைச் சென்னையில் 1794இல் தொடங்கிய ஹருத்யூன் ஷ்மாவோனியன் இங்கேதான் இருக்கிறார். இந்த அர்மீனியர்களும் துணியும் ரத்தினமும் விற்றவர்கள்தான்.

ஒரு நாள் முழுக்கக் கைவசம் இருந்தால் பழவேற்காடு. அங்கே டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும். ஒன்றிடம் மணற்கடிகாரம் இருக்கும். குழந்தைகள் முதலில் அலறுவார்கள், பிறகு அதனோடு படம் எடுக்கச் சொல்வார்கள். உள்ளே பெரிய கருங்கற் பலகைகள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் புல் வெட்டியிருக்கும்.

கல்பாக்கத்துக்கு அருகே சதுரங்கப்பட்டினத்தில் கல்லறைகள் கோட்டைக்குள்ளேயே இருக்கின்றன. காவலாளி இருந்தால்தான் கதவு திறக்கும். அந்த ஊர் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர்போனது. தரங்கம்பாடிக்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். 1706இல் வந்து 1719இல் இறந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, தாம் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார்.

பொம்மை செய்பவர் என்ற முறையில் உங்களுக்குப் பிடித்த ஒன்று?

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்துப் பளிங்குச் சிற்பம். இரண்டாம் சரபோஜி மன்னர் தம் ஆசானான சுவார்ட்ஸ் பாதிரியாருக்காகச் செய்யச் சொன்னது. இங்கிலாந்தில் ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கியது. 1798இல் மரணப் படுக்கையில் இருந்த சுவார்ட்ஸின் கையைச் சரபோஜி பிடித்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் முகங்களைப் பார்ப்பார்கள். நான் படுக்கை விரிப்பைப் பார்ப்பேன். துணி எங்கே தொங்கும், எங்கே இழுபடும், உடம்பின் எடை பட்ட இடத்தில் மடிப்பு எப்படிப் படியும் என்பதைப் பளிங்கில் அசையாமல் நிறுத்தி வைத்திருக்கிறார் சிற்பி. உயிருள்ள ஒருவரின் வேட்டியை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தால் அடி விழும்.

பொம்மையின் புடவைக்கு மடிப்பு வைப்பது எளிதல்ல. துணி அதே துணி, ஆனால் உடல் சிறியது. எனவே துணி விறைத்துக்கொண்டு நிற்கும். நாள்பட்ட மல் வேட்டியைக் கிழித்துப் பயன்படுத்தினால் ஓரளவு படியும். மடிப்பை ஈரத்தோடு கட்டி வைத்துக் காய விட வேண்டும். இதற்கு ஒத்திகை பார்க்கக் கல்லறைத் தோட்டம் நல்ல இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லறைகளில் கலசத்தின் மேல் பாதி மூடிய துணியைச் செதுக்குவது வழக்கமாக இருந்தது.

ஐரோப்பியக் கல்லறைகள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். செங்கம் பகுதி நடுகற்களில் வீரர்களின் கொண்டையையும் இடுப்புக் கச்சையின் முடிச்சையும் பாருங்கள். என் ஆண் பொம்மைகள் பலவற்றின் கொண்டை அங்கிருந்து வந்தது.

கல்லில் இருக்கும் சின்னங்களுக்கு என்ன பொருள்?

மண்டையோடும் குறுக்கு எலும்பும் இருந்தால் கடற்கொள்ளையர் என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அது மரணத்தை நினைவூட்டும் பொதுச் சின்னம். பக்திமான்களின் கல்லிலும் இருக்கும். இறக்கை முளைத்த மணற்கடிகாரம் பறந்துபோகும் காலம். தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம் அணைந்த உயிர். பாதியில் முறிந்த தூண் இளமையில் இறந்தவருக்கு. ஆட்டுக்குட்டி இருந்தால் பெரும்பாலும் குழந்தை. அந்தக் கற்கள் நிறைய இருக்கும். வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மனசு கனத்துப்போகும்.

எழுத்து தேய்ந்து போயிருந்தால் எப்படிப் படிப்பது?

காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பிறகோ போங்கள். வெயில் சாய்ந்து விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் கட்டும். நடுப்பகலில் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றிய கல்லில் முழு வாக்கியம் எழுந்து வரும். வெயில் இல்லையென்றால் கைவிளக்கைக் கல்லின் ஓரத்தில் கிட்டத்தட்டத் தரையோடு தரையாகப் பிடியுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பியும் விடலாம்.

சாக்பீஸ், கோலமாவு, கரித்துண்டு எதையும் தேய்க்காதீர்கள். கம்பிப் புருசு கூடவே கூடாது. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பதும் பொடிந்துபோகும் கற்களுக்குக் கேடு. பாசி படிந்த கல்லைச் சுரண்டினால் பாசியோடு எழுத்தும் வந்துவிடும்.

அனுமதி வேண்டுமா?

தொல்லியல் துறை இடங்களில் திறந்திருக்கும் நேரத்தில் போகலாம். இன்றும் அடக்கம் நடக்கும் கல்லறைத் தோட்டங்களில் காவலாளியிடமோ சபை அலுவலகத்திலோ சொல்லிவிட்டு நுழைவதுதான் மரியாதை. அண்மையில் புதைத்த பகுதிப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். குடும்பங்கள் மெழுகுவத்தியும் பூவுமாக வரும் நாள் அது. வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் அன்று வீட்டில் இருக்கலாம்.

அங்கிருந்து எதையும் எடுத்து வராதீர்கள், உதிர்ந்த ஓட்டுச் சில்லைக்கூட. நான் கொண்டுவருவது நோட்டுப் புத்தகத்தில் வரைந்தவற்றை மட்டும்.

வீட்டிலேயே துணிக்குச் சாயம் போட என்னென்ன வேண்டும்?

சமையலுக்குப் பயன்படுத்தாத எவர்சில்வர் பாத்திரம், தராசு, மரக்கரண்டி, நாட்டு மருந்துக் கடைக்கு வழி. கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி, காசிக்கட்டி எல்லாம் அங்கேயே கிடைக்கும். பொறுமை கடையில் கிடைக்காது.

பருத்தித் துணி சாயத்தைச் சும்மா வாங்கிக்கொள்ளாது. கடையிலிருந்து வரும் காடாத் துணியில் கஞ்சியும் மெழுகும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். முதலில் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் அழுக்கு இறங்குகிறது என்று பொருள். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். அடுத்தது கடுக்காய். நூறு கிராம் உலர்ந்த துணிக்கு இருபது கிராம் கடுக்காய்த் தூள், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க ஊற விடலாம். துணி வெளிர்மஞ்சளாகும். பிழிந்து காயவைத்த பிறகு படிகாரம், நூறு கிராமுக்குப் பதினைந்து கிராம். வெந்நீரில் முழுக்கக் கரைந்த பிறகே துணியை நனைக்க வேண்டும். கரையாத கட்டி பட்ட இடம் திட்டாக நிற்கும். கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பற்றிக்கொள்கிறது, படிகாரத்தின் அலுமினியம் துவர்ப்பைப் பற்றிக்கொள்கிறது, சாயம் அலுமினியத்தைப் பற்றிக்கொள்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் முதல் துவைப்பில் நிறம் வாளியில் இறங்கிவிடும்.

துணியில் ஓவியம் தீட்டுகிற கலம்காரிக்காரர்கள் கடுக்காயோடு பாலும் சேர்ப்பார்கள். பாலின் கொழுப்பு, தீட்டிய கோடு பரவாமல் தடுக்கும். துணி முழுவதையும் ஒரே நிறத்தில் தோய்ப்பதாக இருந்தால் பால் தேவையில்லை. வீணாக்காமல் காபி போட்டுக் குடியுங்கள்.

அந்தப் பழைய சிவப்பு எதிலிருந்து வந்தது?

சாயவேரிலிருந்து. இம்பூரல் என்ற பெயரில் சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்குத் தெரியும். கடற்கரை மணலில் தரையோடு கிடக்கும் சின்னஞ்சிறு செடி, வெள்ளைப் பூ. மிதித்துவிட்டுப் போனாலும் கவனிக்க மாட்டோம். சோழமண்டலத்தின் சிவப்பு பெரும்பாலும் இதன் மெல்லிய வேருக்குள் இருந்தது. யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்தில் இந்த வேரைத் தோண்டும் உரிமையை டச்சுக் கம்பெனி தன் பிடிக்குள் வைத்திருந்தது என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

துவைத்தாலும் போகாத இந்தச் சிவப்பு, ஐரோப்பாவில் அப்போது பருத்தியில் செய்ய முடியாத வித்தை. நம் சீட்டித் துணி, அதாவது பூவும் கொடியும் தீட்டிய பருத்தித் துணி, அங்கே போய் இறங்கியதும் உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கலவரம் செய்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1701இல் ஒரு சட்டம், அது போதாமல் 1721இல் இன்னொன்று. தடை போட்டவர்களே ரகசியத்தை அறியவும் துடித்தார்கள். புதுச்சேரிப் பக்கம் இருந்த பாதிரியார் கேர்தூ 1742இல் எழுதிய கடிதத்தில், இங்கிருந்த துணி ஓவியர்களிடம் விசாரித்த செய்முறையைப் படிப்படியாக விவரித்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெயர்? மறுபடி அதே கதை.

இன்று சாயவேர் கடையில் வாங்குவது கடினம். மஞ்சிட்டி அதே குடும்பத்துச் செடி, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், நல்ல செங்கல் சிவப்பு தரும். ஊறவைத்து, மெதுவாகச் சூடேற்றி, கொதி வருவதற்கு முன் அடுப்பைக் குறைத்து ஒரு மணி நேரம் வைத்திருங்கள். பதிமுகம் என்ற மரக்கட்டை இன்னும் எளிது, அழகான இளஞ்சிவப்பு தரும். ஆனால் வெயில் பட்டால் நிற்காது. பதிமுகத்தில் தோய்த்ததை நான் விற்பதில்லை.

நீலம்?

நீலத்தின் கதையே வேறு. அவுரி இலையிலிருந்து எடுக்கும் நீலம் தண்ணீரில் கரையாது. கொதிக்க வைத்தாலும் படிகாரம் போட்டாலும் பயனில்லை. தாழித் தண்ணீரில் இருக்கும் உயிர்க்காற்றை (ஆக்சிஜனை) பறித்தால்தான் கரையும். பழைய சாயக்காரர்கள் தாழியில் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்க வைத்தார்கள். அந்த வாசனையைத் தாங்க அக்கம்பக்கத்தார் நல்லவர்களாக இருக்க வேண்டும். மாடி வீட்டுக்காரர்களுக்கு எளிய வழி: நீலத்தூள் ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டு பங்கு, ஃபிரக்டோஸ் என்று விற்கும் பழச்சர்க்கரை மூன்று பங்கு. கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான தண்ணீரில் கலந்து மூடிவையுங்கள். மேலே செம்பு நிறத்தில் ஏடு படிந்து, கீழே தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக மாறினால் தாழி தயார்.

துணியைக் குமிழி இல்லாமல் இறக்கி, சில நிமிடம் வைத்து, மெதுவாக வெளியே எடுங்கள். பச்சையாக வரும், காற்று பட்டதும் கண் முன்னே நீலமாகும். எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவேன். ஆழமான நீலம் வேண்டுமென்றால் தாழியில் அதிக நேரம் ஊறவைப்பது பலன் தராது. பல முறை இறக்கி ஏற்ற வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையுறை அணியுங்கள். அணியாவிட்டால் ஒரு வாரத்துக்கு உங்கள் நகங்கள் என் சாயக்காரப் பொம்மையின் நகங்களைப் போல இருக்கும்.

உங்கள் பொம்மைகளில் கறுப்பு உடையே இல்லையே, ஏன்?

கறுப்பு செய்வது எளிது. துருப்பிடித்த ஆணி, வெல்லம், தண்ணீர் மூன்றையும் பானையில் போட்டு இரண்டு மூன்று வாரம் விட்டால் இரும்பு நீர் கிடைக்கும். கடுக்காய் ஏறிய துணியில் அதைத் தொட்டதும் கறுத்துவிடும். ஆனால் இந்த இரும்புக் கறுப்பு நாளாக நாளாக நூலை அரிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுச் சீட்டித் துணிகள் சிலவற்றில் சிவப்பும் நீலமும் நேற்றுத் தோய்த்தது போல இருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் உளுத்து உதிர்ந்திருக்கும். பேத்தி கைக்குப் போக வேண்டிய பொம்மையில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. கண், புருவத்துக்குக் கடையில் வாங்கும் சாயம் போகாத கறுப்பு நூலைப் பயன்படுத்துகிறேன். கறுப்புக்குப் பதில் ஆழ்ந்த நீலத்தின் மேல் காசிக்கட்டி ஏற்றினால் கிட்டத்தட்ட அதே அழுத்தம் வரும்.

சமையல் மஞ்சளில் தோய்க்கலாமா?

தோய்க்கலாம். மாலைக்குள் வெயில் பாதியைக் குடித்துவிடும். சோப்புப் பட்டால் சிவக்கும். மாதுளை ஓடு, செண்டுமல்லிப் பூ, வெங்காயத் தோல் ஆகியவை மஞ்சளுக்கு நல்லவை.

பொம்மையின் தோல் நிறத்தை எப்படிக் கொண்டுவருகிறீர்கள்?

கடைகளில் "ஸ்கின் கலர்" என்று கேட்டால் ஒரு வெளிறிய இளஞ்சிவப்பைத் தருவார்கள். அது யாருடைய தோல் என்று எனக்குத் தெரியவில்லை. என் தெருவில் யாருக்கும் அந்த நிறம் இல்லை. உப்புக்காற்றில் நாளெல்லாம் நின்று துணி வெளுத்தவருக்கு, வெயிலில் துணி காயப்போட்டவருக்கு, கருவேலம் பட்டையும் காசிக்கட்டியும்தான் சரி. பட்டையைக் கொதிக்கவைத்த நீரில் மாநிறம் வரும். காசிக்கட்டியில் இரண்டு மூன்று முறை தோய்த்தால் நல்ல கருமை கலந்த பழுப்பு. கொட்டைப்பாக்கு நீர் சற்றுச் செம்மை தரும். தேயிலை எல்லோருக்கும் கைவசம் இருப்பது, ஆனால் தனியாகப் பயன்படுத்தினால் சில ஆண்டுகளில் மங்கும். ஒரே நாளில் ஒரே பானையில் தோய்த்த இரண்டு துண்டுகள்கூட ஒரே நிறத்தில் வராது. அது எனக்கு வசதி. ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே நிறமா என்ன?

"கொஞ்சம் வெள்ளையாகச் செய்து தர முடியுமா?" என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது.

துவைக்கலாமா? நிறம் போகுமா?

பூந்திக்கொட்டை ஊறிய நீரில் உடைகளை மட்டும் கழற்றி அலசலாம். சோப்புத்தூள் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். உடலைத் துவைத்தால் இலவம்பஞ்சு கட்டி தட்டும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். நேரடி வெயில் படும் சன்னலில் வைத்தால் எந்த நிறமும் வெளுக்கும், வேதிச் சாயம் உட்பட.

குழந்தை வாயில் வைத்துவிட்டால்?

மூன்று வயதுக்குக் கீழே என்றால் வாங்காதீர்கள். சாயத்தைவிடப் பொத்தானுக்கும் மணிக்கும் பயப்பட வேண்டும். இயற்கையானது என்பதாலேயே எதுவும் தின்னத்தக்கதாகிவிடாது.

இயற்கைச் சாயம் ஆற்றுக்கு நல்லதுதானே?

எதைச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மயில்துத்தம் போட்டால் பச்சை அருமையாக வரும். ஆனால் அது செம்பு, மீனுக்கு நஞ்சு. அதையும் குரோமியம் கலந்த உப்புகளையும் நான் தொடுவதில்லை. நொய்யல் ஆறு என்ன ஆனது என்பதும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நமக்குத் தெரியும். ஒரு முழப் பொம்மைக்கு ஒரு வாளித் தண்ணீர் என்பதால் நான் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. அதே வேலையை லட்சம் பனியனுக்குச் செய்தால் கடுக்காயும் படிகாரமும்கூடத் தண்ணீரைத் தின்னும். படிகார நீரை ஆறவிட்டு அடுத்த துணிக்கும் பயன்படுத்துவேன். அடி வண்டல் மாடித் தொட்டிச் செடிகளுக்குப் போவதில்லை. செம்பருத்தி மட்டும் விதிவிலக்கு, அது கொஞ்சம் புளிப்பு மண்ணைப் பொறுத்துக்கொள்ளும்.

வேறு பொழுதுபோக்குகள்?

பழைய மரப்பாச்சிகளுக்கு உடை தைப்பது. அந்தக் காலத்துச் செம்மர மரப்பாச்சி பாட்டி வீட்டுப் பரணில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செம்மரம் இன்று கடும் கட்டுப்பாட்டில் இருப்பதால் புதியவை பெரும்பாலும் வேறு மரத்தில் வருகின்றன. உடை இல்லாமல் செய்து, ஒவ்வொரு நவராத்திரிக்கும் வீட்டார் உடுத்திவிடும் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1690களைச் சேர்ந்த ஒரு மர ஜோடி இருக்கிறது. கிளாப்பம் பிரபுவும் சீமாட்டியும் என்று பெயர். உள்ளாடை முதல் கையுறை வரை எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பணக்காரப் பெண்மணியின் பொம்மை வீடு, 1686க்கும் 1710க்கும் இடையில் செய்தது. பழவேற்காட்டில் கல் வெட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஆம்ஸ்டர்டாமில் விரல் நீளத் துணிகளை மடித்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரவில் தூக்கம் வராவிட்டால் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

கல்லறையில் பெயர் பார்த்த ஒருவரைப் பொம்மையாகச் செய்து தருவீர்களா?

இல்லை. தலைமை வணிகருக்குப் பெரிய கல்லே இருக்கிறது. என் பஞ்சு எதற்கு? ஆங்கிலக் கம்பெனிக்காக 1734இல் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் சாயக்காரர்களையும் கொண்டுவந்து குடியமர்த்திய சிந்தாதிரிப்பேட்டையை நினைத்துப் பாருங்கள். துணி வெளுத்தவர்களின் வண்ணாரப்பேட்டையை நினைத்துப் பாருங்கள். பேட்டையின் பெயரில் தொழில் மிஞ்சியது, ஆள் மிஞ்சவில்லை. என் பொம்மைகளுக்கும் நான் பெயர் வைப்பதில்லை. தெரியாத பெயரை இட்டுக்கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. வாங்கிப் போகிறவர்கள் வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளட்டும். அநேகமாக எல்லோரும் தங்கள் தாத்தா பாட்டி பெயரைத்தான் வைக்கிறார்கள்.

சாயவேரை வீட்டில் வளர்க்க முடியுமா?

முயன்றுகொண்டிருக்கிறேன். விதை தூசி அளவு. மணலில் கலந்து தூவினால்தான் சீராக விழும். தொட்டியில் பாதிக்கு மேல் ஆற்று மணல் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் நீளமாக இறங்கும், எனவே ஆழமான தொட்டி. சாயம் சேர இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். கடற்கரையில் காண்பதைப் பிடுங்காதீர்கள். விதை காயைக் கொஞ்சமாக உதிர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பழவேற்காடு போகும்போது நாங்களும் வரலாமா?

வரலாம், மழைக்காலம் முடிந்த பிறகு. தை, மாசியில் ஏரிக்குப் பூநாரைகளும் வந்திருக்கும். விடியற்காலை கிளம்பினால் சாய்ந்த வெயில் கிடைக்கும். தொப்பி, தண்ணீர், முழுச் செருப்பு, நோட்டுப் புத்தகம். சாக்பீஸ் கொண்டுவருபவர்களை வாசலில் இருக்கும் எலும்புக்கூடுகளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.